நாலு மணிக் கேள்வி

என் வாப்பா முஹம்மதுவுக்கு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பழைய சாக்குக் கடை. கிழிந்த சாக்குகளை வாங்கித் தைத்து மிளகு மண்டிகளுக்கு விற்பார். ஒரு சாக்கு விற்பதற்குள் ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடிக்கிற ஆள். அப்படிப்பட்டவருக்குத்தான் வாய் முதல் கால் விரல் வரை கட்டிப்போடுகிற நோய் வந்து சேர்ந்தது.

முதலில் பாதம் மரத்துப்போனது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை என்றார். "நல்ல செருப்பா வாங்குங்க வாப்பா" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். அந்த வாரம் முடிவதற்குள் கால் போய், கை போய், தானாக மூச்சு விடவும் முடியாமல் போனது. கலூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தொண்டையில் துளை போட்டு மூச்சு மிஷினோடு இணைத்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிறது, மெதுவாகத்தான் சரியாகும், ஆனால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். புத்தி தெளிவாக இருக்கிறது, நீங்கள் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும் என்றும் சொன்னார்.

வாப்பாவுக்கு மிச்சம் இருந்தது கண் மட்டும். நர்ஸ் தன்யா சேச்சிதான் எங்களுக்கு வழி காட்டினாள். ஆமாம் என்றால் ஒரு தடவை கண்ணை மூட வேண்டும், இல்லை என்றால் இரண்டு தடவை. அவள் காலையில் கேட்டால் வாப்பா பளிச்சென்று பதில் சொல்வாராம். நாங்கள் மாலை நாலு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில் கேட்டால் மட்டும் பதில் ஏறுக்குமாறாக வந்தது. காலு வலிக்குதா என்றால் ஆமாம், வலிக்கலையா என்றாலும் ஆமாம். எனக்கு எரிச்சலாக வரும். அவர் மேல் இல்லை, அந்தக் கட்டில் மேல், மிஷின் மேல், உலகத்தின் மேல்.

வாரங்கள் ஓடின. நெஞ்சில் சளி கட்டி காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அப்போதுதான் காயல்பட்டினத்திலிருந்து வாப்பாவின் அண்ணன், பெரியவாப்பா வந்தார். தம்பியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"மிஷினு ஊதுற காத்துல ஒரு மனுசன் எத்தன காலம் கெடப்பான்? வீட்டுக்குக் கொண்டு போவோம். காதுல கலிமா சொல்லி நிம்மதியா அனுப்பி வைப்போம்."

"அனுப்பி வைக்க வாப்பா என்ன பார்சலா?" என்றேன்.

"நௌரின், வாயை அடக்கு" என்றான் என் தம்பி ரயீஸ். வல்லார்பாடம் துறைமுக டெர்மினலில் ஷிப்ட் முடித்துக் குளிக்காமல்கூட ஓடி வந்திருந்தான். அவனும் தளர்ந்துபோயிருந்தான். பெரியவாப்பா கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் தம்பி படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் பேசுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

உம்மா ஜலீலா எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள். "அவரு உசுரு. அவருகிட்டயே கேப்போம்" என்றாள்.

நாலு மணிக்கு எல்லோருமாக உள்ளே போனோம். இருவருக்குத்தான் அனுமதி. தன்யா சேச்சி கண்டுகொள்ளாமல் விட்டாள். பெரியவாப்பா குனிந்து, "முஹம்மது, வீட்டுக்குப் போயிரலாமா? இந்த மிஷினெல்லாம் போதுமா?" என்று கேட்டார்.

வாப்பா மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

"பாத்தியளா? ஆமாங்கிறான்" என்றார் பெரியவாப்பா. அவர் குரல் உடைந்தது. உடனே வாப்பா இரண்டு தடவை, நெடுநேரம், கண்ணை மூடித் திறந்தார்.

"இப்ப இல்லைங்கிறாரே" என்றான் ரயீஸ்.

"புத்தி தப்பிருச்சு. நாமதான் முடிவு பண்ணணும்" என்றார் பெரியவாப்பா.

"தப்பல! திரும்பக் கேளுங்க" என்று நான் கத்தினேன். திரும்பக் கேட்டார். மறுபடியும் ஒன்று. அப்புறம் நீளமாக இரண்டு.

"எல்லாரும் பேசாம இருங்க!"

உம்மாதான். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஜன்னல் பக்கம் கை காட்டினாள். வெளியே எங்கோ ஒரு பள்ளிவாசலில் பாங்கு சொல்லி ஓய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"அஸர் நேரம். அவரு தொழுவுறாரு."

கை கால் வராத மனிதர், தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்ய வழியில்லாதவர், குழாய்களுக்கு நடுவில் கிடக்கிறவர். இவருக்கெல்லாம் தொழுகை இல்லை என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். ஓதிப் படித்த பெரியவாப்பாவுக்குக்கூட, முடியாதவன் இமையாலேயே தொழலாம் என்று சட்டம் இருப்பது அந்த இடத்தில் நினைவுக்கு வரவில்லை. குனிவதற்கு ஓர் இமைப்பு. நெற்றியைத் தரையில் வைக்கிற இரண்டு சஜ்தாவுக்கு நீளமாய் இரண்டு இமைப்பு. தினமும் நாலு மணிக்கு நாங்கள் போய்த் தொழுகைக்கு நடுவில் நின்றுகொண்டு கால் வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறோம்.

காத்திருந்தோம். கடைசியில் வாப்பாவின் கண்மணிகள் வலப்பக்கம் நகர்ந்து நின்றன. பிறகு இடப்பக்கம். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டார். அதன் பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

நான் அவர் முகத்தருகே போனேன். "வாப்பா, மிஷினை விட்டுட்டு வீட்டுக்குப் போயிரலாமா?"

இரண்டு தடவை. இறுக்கி, சண்டைக்கு நிற்கிற மாதிரி மூடினார். ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. பெரியவாப்பா தம்பியின் மரத்த கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பு குடு முஹம்மது" என்று விம்மினார். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

அதன் பிறகு வந்ததெல்லாம் ஆமை வேகம். காய்ச்சல் தணிந்தது. ஒரு விரல் அசைந்தது. மிஷினும் தொண்டைக் குழாயும் போயின. மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்தோம். உம்மா கை காலை நீவிவிட்டாள், ரயீஸ் தூக்கி உட்கார வைத்தான், நான் கஞ்சி ஊட்டித் திட்டு வாங்கினேன். உப்பில்லையாம். குரல் திரும்பியதும் ஊர்க்கதையும் திரும்பிவிட்டது.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "அன்னைக்குப் பெரியவாப்பா கேட்டது காதுல விழுந்துச்சா?"

"ஏன் விழல?"

"பொறவு தொழுகையை விட்டுட்டு இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? உசுரு போற காரியம்!"

"நான் தொழுகைக்குக் கண்ணை மூடுனாலும் ஒங்களுக்கு அது ஆமாம். எதை விடுறது, எதைச் சொல்றது?" என்றார். தன் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "பயந்துட்டேன் மோளே. நீங்க தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிக்கணும்னு ஓட்டமா ஓடுனேன். அது தொழுகையே இல்ல. மனசு பூரா ஒங்க வாயிலதான் இருந்துச்சு. கால் வந்ததும் அந்த அஸரைத் திருப்பித் தொழணும்."

கால் வந்தது, வாக்கரோடு. போன வெள்ளிக்கிழமை ரயீஸ் அவரைப் பாயில் இறக்கி உட்கார வைத்தான். எங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். நாங்கள் வாசல்படியில் நின்றுகொண்டோம். உட்கார்ந்தபடியே அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டினார். குனிந்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி, மெல்ல மெல்ல இறங்கி, நெற்றியைத் தரையில் வைத்தார்.

வைத்தவர் எழவில்லை. முதுகு அசைந்தது. முழங்கை வெடவெடத்தது. தூக்கிவிடணுமா வாப்பா என்று ரயீஸ் வாயைத் திறந்தான். பாய்ந்து பொத்தினேன். என் வாய்க்குள்ளும் அதே கேள்விதான் இருந்தது. அதைக் கேட்காமல் இருந்ததைப் போலக் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை.

கைகள் இரண்டும் தரையை அழுத்தின. வாப்பா தானாகவே எழுந்தார். மறுபடி இறங்கினார், மறுபடி எழுந்தார். அவசரமே இல்லாமல் தொழுது முடித்து, வலப்பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் சொன்னார். பிறகு இடப்பக்கம். அங்கே நான் நின்றிருந்தேன், தம்பியின் வாயைப் பொத்தியபடி.

"இனி கேளு" என்றார்.

"சாயா வேணுமா வாப்பா?"

பேச வாய் இருந்தும், ஒரே ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.