ராஜாத்தியின் அளவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷம் பங்குனி மாதம் மத்தூருக்குப் பக்கத்தில் கூலிக்காரர்களின் தெரு எரிந்துபோனது. உச்சி வெயிலில், எல்லோரும் காட்டு வேலையில் இருந்த நேரம். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பதினோரு குடிசைகளில் ஒரு முழத் துணிகூட மிஞ்சவில்லை.

ஊர் கேழ்வரகு கொடுத்தது, ஓலை கொடுத்தது. ருக்மணியின் கணவன் கோவிந்தப்பன் நிலபுலன் உள்ளவர். "பழைய சீலை நாலு எடுத்து வை. ஆள் கிட்டக் குடுத்தனுப்பலாம்" என்றார்.

ருக்மணி பழைய சீலையைத் தேடவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

அந்தப் பெட்டியை அவள் எட்டு மாதமாகத் தொடவில்லை. மகள் ராஜாத்தி பிறந்த நாளிலிருந்து, அவளோ கணவனோ எந்தச் சந்தைக்குப் போனாலும் ஒரு கவுனுக்கோ பாவாடைக்கோ ஆகிற துணி வாங்கி வருவார்கள்; அவள் அதில் போட்டு வைப்பாள். புள்ளை வளர வளரத் தைக்கலாம் என்ற எண்ணம். ஆறு வயதில், நாலே நாள் காய்ச்சலில் ராஜாத்தி போய்விட்டாள். துணிகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன.

மூன்று நாளில் கை மெஷினில் மூன்று கவுன் தைத்தாள். யார் அளவும் அவளிடம் இல்லை. கைக்குத் தெரிந்த அளவில்தான் வெட்டினாள்.

தானே எடுத்துக்கொண்டு போனாள். கரிந்த சுவர் ஓரம் பாப்பம்மா நின்றிருந்தாள், இவர்கள் நிலத்தில் களை எடுப்பவள். அவள் மகள் சாந்தாவுக்கு எட்டு வயது. சாந்தா ஆசையாகக் கவுனைத் தலைவழியே மாட்டினாள். தோளுக்குக் கீழே இறங்கவில்லை. இழுத்ததில் அக்குளில் தையல் பிரிந்தது. பிள்ளை பயந்து அழுதாள்.

பாப்பம்மா கவுனைத் திருப்பிப் பார்த்தாள். யார் அளவென்று அவளுக்குப் புரிந்தது. "இது நம்ம பாப்பா அளவும்மா" என்றாள் மெதுவாக.

ருக்மணி அந்தக் கவுனை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "இங்க வா சாந்தா, அளவு எடுக்கறேன்" என்றாள்.

"வேணாங்கம்மா, தொடாதீங்க. வூட்டுல ஏதாச்சும் சொல்லுவாங்க."

"தொடாம எப்படி அளவு எடுக்கறது, பாப்பம்மா?"

சாம்பல் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, சாந்தாவின் தோளில் கை வைத்தாள். நூலால் மார்பைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டாள். பிள்ளையின் தோள் சூடாக இருந்தது. அதற்குள் மற்றப் பெண் குழந்தைகளும் வந்து வரிசையாக நின்றார்கள். ஒன்பது பேர்.

சேதி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. கோவிந்தப்பனின் அண்ணன் எல்லப்பன் வாசலிலேயே, "குளிச்சிட்டு உள்ள போ" என்றார்.

"தினமும் போவேன், மாமா. தினமும் குளிச்சிட்டிருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கோவிந்தப்பன் அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை.

இருபது நாள் தைத்தாள். பெட்டியில் துணி தீர்ந்தது. எல்லப்பன் அதற்குப் பிறகு இவர்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

சித்திரையில் ஒரு காலை, வரப்பில் நின்றிருந்த கோவிந்தப்பனைக் கடந்து சாந்தா கஞ்சிக் கலயத்தோடு போனாள். கிளிப்பச்சைக் கவுன், வெள்ளைப் பூப்போட்டது. அவர் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"அந்தப் பச்சைத் துணி... நான் கல்லாவி சந்தையில எடுத்ததுதானே?"

"ஆமாங்க."

"ராஜாத்திக்கும் நல்லா இருந்திருக்கும்."

மகள் போனபின் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதார். ருக்மணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாசம் வந்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.