கரையடியில் ஓர் ஊற்று

மனிதர் மறைவர், ஊற்று மறையாது.

இந்த மகாவாக்கியம் வெள்ளைப் பளிங்கில் பொன்னெழுத்தாகப் பொறிக்கப்பட்டு, படகுக் குழாம் ஏரியின் கரையடியில் நின்றுகொண்டிருந்தது. படித்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். மறையாத அந்த ஊற்றுக்கு வயது மூன்றுதான் என்பதையும், அதற்கு முன்பு அந்த இடத்தில் செருப்பு நனையாமல் நடக்க முடிந்தது என்பதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரிடம் போய் இதையெல்லாம் யார் சொல்வது?

பறிகொடுத்தவர் குழாமின் தலைவர். வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர். ரயில் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்ததோடு சரி. ஆனாலும் அவருக்குக் ‘கேப்டன்’ என்று பட்டப்பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதை விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டதும் கேலி செய்தவர்களுக்கு வாயடைத்துப் போயிற்று.

ஏரி என்பதும் கொஞ்சம் தாராளமான சொல். குடியிருப்புக்காரர்கள் பொழுதுபோக்குக்காக ஓடையை மறித்து மண்ணால் ஒரு கரை எழுப்பியிருந்தார்கள். தண்ணீர் தேங்கியது, மிதிபடகுகள் வந்தன, பின்னாலேயே பொதுக்குழுவும் செயற்குழுவும் வந்தன. கரைக்கு மேலே நடைபாதை. கரைக்குக் கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் தாழ்வாக ஒரு தெரு. தெருவின் முதல் வீடு தலைவரின் மச்சினனுடையது. மனைவியின் ஒரே தம்பி.

நோயில் கிடந்த கடைசி வருஷம், மனைவி தன் தம்பி வீட்டு வாசலில்தான் பகலெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கரையடியில் ஈரம் கசிவதை முதலில் பார்த்தவர் அவர்தான். அவர் போன பிறகு தலைவர் அந்த ஈரத்தை நினைவிடமாக்கினார். கரையடியைத் தோண்டி, ஊற்றின் வாயை அகலமாக்கி, தொட்டி கட்டி, சிங்கமுகக் குழாய் ஒன்றையும் பொருத்தினார். விழா தோறும் குரல் தழுதழுக்கச் சொல்வார்: “அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். ‘ஏங்க, நம்ம ஏரியில ஊற்று பிறந்திருக்கு.’” முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மச்சினன் மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அந்த மழைக்காலத்தில் சிங்கத்தின் வாயில் வந்த தண்ணீர் நிறம் மாறியது. மச்சினன் யாரையும் கேட்காமல் அணைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டான். மறுநாள் காலையிலேயே முழங்கால்வரை பூட்ஸ் போட்ட ஒரு பொறியாளர் அம்மா வந்து இறங்கினார். பொன்விழாப் படகுப் போட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லை. தலைவர் அவரை முன்கூட்டியே வந்துவிட்ட விருந்தாளியாக நினைத்துக்கொண்டார்.

“முதல்ல தீர்த்தம் சாப்பிடுங்கம்மா,” என்று இரண்டு கண்ணாடி டம்ளர்களைச் சிங்கத்தின் வாயில் பிடித்தார். ஒன்றைத் தானே மடக்கென்று குடித்தார். பொறியாளர் மற்றதை வாங்கிப் பளிங்கு மேல் வைத்துவிட்டு, கரையின் நீளம் முழுக்க நடந்து, குனிந்து, குச்சியால் குத்திப் பார்த்துத் திரும்பினார். அதற்குள் டம்ளரின் அடியில் செம்மண் ஒரு படலமாகப் படிந்திருந்தது.

“இது என்ன சார்?”

“தாதுப்பொருள். உடம்புக்கு ரொம்ப நல்லது.”

“இது உங்க அணை சார். கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துட்டிருக்கு.”

“அப்போ இத்தனை நாளா அணையைத்தான் குடிச்சிட்டிருந்தீங்களா அத்தான்?” என்றான் மச்சினன். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனே சிரிக்கவில்லை.

பொறியாளர் நிதானமாக விளக்கினார். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாகக் கசிந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். மண்ணோடு கசிந்தால் கரைக்குள்ளே ஒரு பொந்து உருவாகிறது. தண்ணீர் போகப் போகப் பொந்து நீளும், ஏரியைத் தொட்ட அன்றைக்குக் கரை நிற்காது. “யாரோ கரையடியையே தோண்டி வழி வேற அகலமாக்கி விட்டிருக்காங்க. யாரு சார் அந்தப் புண்ணியவான்?”

தலைவர் பொன்னெழுத்துகளைத் துண்டால் துடைக்கத் தொடங்கினார்.

“சிமென்ட் வச்சு அடைச்சிடலாமே?” என்றார் செயலாளர். தலைவர் சிக்கலில் மாட்டும்போதெல்லாம் ஒரு யோசனையோடு குறுக்கே விழுவது அவர் பொறுப்பு.

“அடைச்சா வேற இடத்துல வாயைத் திறக்கும். மேல மணலும் ஜல்லியும் கொட்டணும். தண்ணி போகட்டும், மண்ணு போகக் கூடாது. அதுக்கு முன்னாடி ஏரித் தண்ணியை இறக்கணும். மெதுவா இறக்கணும், ஒரேயடியா இறக்கினா கரையோட உள்பக்கம் சரிஞ்சிடும். இன்னிக்கே ஆரம்பிக்கணும்.”

“ஞாயித்துக்கிழமை போட்டிம்மா. தண்ணியில்லாம படகை எங்க விடறது?” என்றார் தலைவர்.

“எங்க தெருவுல விடுங்க அத்தான்,” என்றான் மச்சினன். “அங்கதானே எல்லாத் தண்ணியும் வரப்போகுது. வெள்ளம் வருமுன்னே அணை போடுன்னு ஊருக்கெல்லாம் பேசுவீங்க. நீங்க அணையையும் போட்டுட்டு, வெள்ளத்துக்குப் பத்திரிகையும் அடிச்சிட்டீங்க.”

“இது உன் அக்கா நினைவுடா. இதைப் போய் நான் ஜல்லியைக் கொட்டி மூடணுமா? அவ கடைசியாச் சொன்ன வார்த்தைடா...”

மச்சினன் அவர் பக்கத்தில் வந்து நின்றான். பேசியபோது குரல் தணிந்திருந்தது.

“அத்தான், அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். அக்கா ஊத்துன்னு சொல்லவே இல்ல. ‘ஏங்க, கரையடியில ஏதோ ஒழுகுது, போய் என்னன்னு பாருங்க’ன்னு சொன்னா. மூணு தடவை சொன்னா. நீங்க வரவேற்புரை எழுதிட்டிருந்தீங்க. ‘உம்’னீங்க.”

சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தலைவர் அதையே பார்த்தார். ‘உம்’ என்றது அவருக்கு நினைவிருந்தது. எழுதிக்கொண்டிருந்த வரிகூட நினைவிருந்தது: ‘நீரின்றி நாமில்லை.’ காய்ச்சலில் வறண்ட குரல் திண்ணமாக ‘ஒழுகுது’ என்றுதான் சொல்லியிருந்தது. அவள் வீட்டிலும் அப்படித்தான். குழாய் ஒழுகினால் ஒழுகுது என்பாள், கூரை ஒழுகினால் ஒழுகுது என்பாள். ஊற்று, பிறப்பு, நம்ம ஏரி எல்லாம் இரங்கல் கூட்டத்துக்கு முந்தின மாலை அவர் கையாலே சேர்த்தது. சேர்த்துச் சேர்த்துச் சொன்னதில் அவள் குரலும் அப்படியே மாறிப்போயிருந்தது.

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றான் மச்சினன். “நீங்க மேடையில அழுதீங்க. நான் எப்படிச் சொல்றது? இப்ப என் பிள்ளைங்க தூங்குற வீடு அத்தான்.”

தலைவர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மனைவி இருந்திருந்தால், ‘உக்காந்தது போதும், எழுந்திருங்க’ என்றிருப்பாள். இப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாயில் வைக்கவும் இப்போது அவருக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் கழித்துத் தானாகவே எழுந்தார்.

“போட்டி கிடையாது,” என்றார். “சிங்கத்தைப் பிடுங்கிடுங்க. இவங்க தெருவுல எல்லாரையும் மேட்டுக்கு, குழாம் மண்டபத்துக்குக் கூட்டிட்டு வாங்க. மதகைத் திறந்துவிடுங்கம்மா. எது நடந்தாலும் என் பொறுப்பு.”

அவர் வாழ்நாளில் கைதட்டலை எதிர்பார்க்காமல் பேசிய முதல் பேச்சு அது. மச்சினன் அவர் தோளைத் தொட்டான். பொறியாளர்கூட ஒரு கணம் தலை தாழ்த்தினார்.

“ரொம்ப நன்றி சார். மதகுச் சக்கரம் எங்க இருக்கு?”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் ஏரியைப் பார்த்தார். ஏரி யாரையும் பார்க்கவில்லை.

கரையின் இரு பக்கமும் புதரை விலக்கித் தேடினார்கள். படகுக் கொட்டகையைக் காலி செய்து தேடினார்கள். கடைசியில் பொறியாளர் தன் அலுவலகத்துக்குப் போன் செய்து பழைய வரைபடத்தைக் கைப்பேசியில் வரவழைத்தார். சக்கரம் கரையின் நடுவில், ஒரு சின்னக் கிணற்றுக்குள் இருப்பதாக அது காட்டியது. அந்த இடத்தில் குழாமின் கொடிமேடை இருந்தது. நல்ல கெட்டிக் கான்கிரீட்.

கடப்பாரையும் சம்மட்டியும் வந்தன. உச்சிவெயிலில் நான்கு பேர் மாற்றி மாற்றி உடைத்தார்கள். தலைவரும் சட்டையைக் கழற்றிவிட்டு இடித்தார். சக்கரம் துருப்பிடித்திருந்தது, ஆனால் உயிரோடுதான் இருந்தது. எண்ணெய் விட்டு, மச்சினனும் தலைவரும் எதிரெதிரே நின்று நெம்பியதும் முனகிக்கொண்டே திரும்பியது. தண்ணீர் பழைய ஓடையில் அடக்கமாக இறங்கிப் போயிற்று. கரையடியில் மணலும் ஜல்லியும் விழுந்தன. சில நாளில் கசிவு தெளிந்தது, பிறகு மெலிந்தது. தெருக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

உடைத்த மேடையின் முகப்புக் கல்லை யாரோ கரையோரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில், கொடிமேடையை அமைத்துத் திறந்து வைத்தவர் என்று தலைவரின் பெயர் இருந்தது.