தூக்க முடியாத உடம்பு

மாஸ்டரின் உடம்பைப் பார்த்துத்தான் அந்தத் தெருவில் பாதிப் பேர் அவருடைய ஜிம்மில் சேர்ந்தார்கள். தோள் இரண்டும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். தையற்காரர் அவருக்கு அளவெடுக்கும்போதெல்லாம் துணி பத்தாது என்று சலித்துக்கொள்வார். மேடையேறிக் கோப்பைகள் வாங்கிய உடம்பு அது. மணல் மூட்டை தூக்குகிற பயிற்சி வேண்டுமென்று யாராவது கேட்டால், "ஏம்ப்பா, லோடு இறக்கவா போகப்போற?" என்று சிரித்து, கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நின்ற இடத்திலேயே சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் போனது போனதுதான். பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாடு தொடங்கியது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு என்று நாள் முழுக்க அவரை இடம் மாற்ற வேண்டியிருந்தது. மனைவி அவர் தோள் உயரம்கூட இல்லை. பல் மருத்துவமனை வரவேற்பில் காலை நேரம் மட்டும் உட்கார்ந்து பெயர் எழுதுகிறவள். முதலில் மச்சான் வந்து கூடமாட இருந்தான். அவன் விடுப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பியதும் அவள் தனியாளானாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு முனகல்கூட அவர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

ஜிம்மை இப்போது நடத்துவது அவருடைய சீடன் ஒல்லி. சேர்ந்த புதிதில் ஒட்டிய பெயர். இப்போது கதவுக்குள் பக்கவாட்டில் நுழைகிற ஆளானாலும் பெயர் மட்டும் இளைத்தபடியே இருந்தது. பார்க்க வந்த ஒல்லிதான் வாய்தவறி உளறினான்.

"அக்கா நல்லா முன்னேறிட்டாங்க மாஸ்டர். மணல் மூட்டையைக் கட்டிப்பிடிச்சு உக்காந்து எந்திரிக்கிறாங்க."

மாஸ்டருக்கு விளங்கவில்லை. வேலை முடிந்ததும் அவள் தினமும் ஜிம்முக்கு வந்து போகிறாள் என்று ஒல்லி தயங்கித் தயங்கிச் சொன்னான். தொப்பை குறைக்க வந்தீர்களா என்று அவன் கேட்டானாம். "உங்க மாஸ்டரைத் தூக்கணும், அதுக்கு என்ன பண்ணணுமோ சொல்லிக்கொடு" என்றாளாம்.

ஒல்லி போன பிறகு மாஸ்டர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்த உடம்பின் ஒவ்வொரு கிலோவும் அவர் பார்த்துப் பார்த்து ஏற்றியது. முட்டை எண்ணி, கறி நிறுத்து, தூக்கத்தைக்கூட அளந்து ஏற்றியது. அதற்கெல்லாம் இப்போது இவள் முதுகு கொடுக்கிறாள். தன்னால் செய்ய முடிகிற ஒரே காரியம் இதைக் குறைப்பதுதான் என்று அவருக்குப் பட்டது. போட்டிக்கு முன்னால் உடம்பை வற்றவைக்கிற வித்தை அவருக்கு அத்துப்படி. பசியில்லை என்றார். வாய் கசக்கிறது என்றார். அவள் அந்தண்டை போனதும் இடது கையால் முட்டையை ஜன்னல் வழியாகப் போட்டார். வெளியே ஒரு பூனை நன்றாகத் தேறிவந்தது.

அவரும் இளைத்தார். தொடை சூம்பி, தோளில் எலும்பு தெரிந்தது. அதை அவர் வெற்றி என்று நினைத்தார். ஆனால் ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் அவளுக்கு முன்பைவிட மூச்சு வாங்கியது. ஏனென்று அவருக்குப் பிடிபடவில்லை.

அன்று மத்தியானம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற வந்தாள். வழக்கம்போல அவர் முழங்காலுக்குத் தன் முழங்காலை அண்டைகொடுத்து, இடுப்பு பெல்ட்டைப் பிடித்து, "ம், ஊன்றுங்க" என்றாள். அவர் இடது காலை ஊன்றினார். கால் நிற்கவில்லை. துவண்டு மடங்கியது. அவளையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தார். அவள் தோள் கட்டில் சட்டத்தில் மோதியது.

மூன்று முறை முயன்றாள். மோதிய பக்கம் அவள் கைக்கு உயிரே இல்லை, தொங்கியது. பிறகு இடுப்பும் பிடித்துக்கொள்ள, எழ முடியாமல் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டாத மேஜைமேல் போன் அடித்து ஓய்ந்தது.

"சாப்பாட்டை எங்க போடுறீங்க?" என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"தெரியும். கேக்க வேணாம்னு இருந்தேன்."

"உனக்கு லேசா இருக்கட்டும்னுதான்..."

"நான் எங்கங்க உங்களைத் தூக்குறேன்? நீங்க அந்தக் காலை ஊன்றுவீங்க, அதோட சேர்ந்து நான் எழுப்புவேன். அவ்வளவுதான் என் பலம். அந்தக் காலையும் பட்டினி போட்டுட்டீங்களே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாஸ்டருக்கு அவள் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது. நல்ல கை உடம்புக்கு அடியில் சிக்கியிருந்தது. அதை உருவிக்கொள்ளக்கூட அவரால் முடியவில்லை. அவளைக் கேட்கவும் வாய் வரவில்லை.

பொழுது சாய்ந்த பிறகுதான் மாடிவீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து, அவள் குரல் கேட்டு ஆள் கூட்டிவந்தார்.

அவள் தோளில் எலும்பு விலகியிருந்தது. இனி எடை தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது காலையும் மாலையும் இரண்டு ஆட்கள் வந்து, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டே மாஸ்டரை எடுத்து நாற்காலியில் வைக்கிறார்கள். நடுவில் தேவைப்பட்டால் அவர்கள் வரும்வரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். கையைக் கட்டித் தொங்கவிட்டபடி அவள் வாசலோரம் நின்று, "பார்த்து, அந்தப் பக்கம் அவருக்கு வலிக்கும்" என்கிறாள்.

அவர் வைத்ததையெல்லாம் சாப்பிடுகிறார். ஆட்கள் போன பிறகு, அவள் பார்க்காத நேரமாகப் பார்த்து இடது காலைத் தரையில் அழுத்துகிறார். முழங்கால் வெடவெடவென்று நடுங்குகிறது. கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்.