பொய்யாய்க் கூவிய சுயுன்சு

இடுப்பு நிமிர மறுத்தது. விடிந்ததிலிருந்து உருளைக்கிழங்கு தோண்டியதில் சகினுக்கு முதுகின் கடைசிக் கணு வரை வலித்தது. தேநீர் வேளைக்கு, வரப்பில் கிடந்த கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டினான். கை வெளியே வரவில்லை. சட்டைக் கை இரண்டின் நுனிகளும் கறுப்பு நூலால் தைக்கப்பட்டுக் கிடந்தன.

"என்ன மீசைக்காரரே, காலையில இருந்த கை மத்தியானத்துல வீங்கிப்போச்சா?" என்றாள் அண்ணி புர்மாகான். புருஷன் வீட்டாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. மீசையே முளைக்காத சகினுக்கு அவள் வைத்த பெயர் அது. பக்கத்து நிலத்துப் பெண்களும் சிரித்தார்கள்.

"இருங்கண்ணி. உங்களுக்கு இருக்கு."

"பயந்துட்டேன். முதல்ல கிழங்கைத் தோண்டுங்க."

சாலைப் பக்கம் ஒதுங்கப் போன சகின், அங்கிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தான். "சுயுன்சு, அண்ணி, சுயுன்சு. பிஷ்கெக் பஸ்ல அண்ணன் வந்துட்டான். நிறுத்தத்துல பெட்டியோட நிக்கிறான்."

நல்ல சேதி கொண்டு வருபவன் கூவும் கிர்கிஸ் சொல் அது. கேட்டவர் கையில் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும். அண்ணி ஒரு கிழங்கை எடுத்து எறிவாள் என்றுதான் நினைத்தான். அண்ணன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷம். போன் வந்தே நாற்பது நாளாயிற்று. அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

புர்மாகான் சட்டென்று எழுந்தாள். காதிலிருந்த வெள்ளித் தோடுகளைக் கழற்றி, மண் அப்பிய அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். ரப்பர் பூட்ஸோடு ஓடினாள்.

"அண்ணி, சும்மா..." என்றான். அதற்குள் அவள் வரப்பைத் தாண்டியிருந்தாள். பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் பொய்யென்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் அவளைச் சாலை வரை ஓட விட்டான்.

திரும்பும்போது நடந்து வந்தாள். நிறுத்தத்தில் மாட்டோடு நின்ற கிழவரிடம் கேட்டிருக்கிறாள். காலையிலிருந்து பஸ்ஸே வரவில்லை என்றாராம். பெண்களிடம் அதை மட்டும் சொல்லிவிட்டு, வாளியை இழுத்துக்கொண்டு விட்ட இடத்தில் குனிந்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

சகின் தோட்டை நீட்டினான். "விளையாட்டுக்குச் சொன்னேன் அண்ணி. ரெண்டு அடி போடுங்க."

"வெச்சுக்கோங்க."

"பொய் சொல்லி வாங்கினது."

"நான் பொய்யாக் குடுக்கலையே." அவள் நிமிரவில்லை. "சுயுன்சு குடுத்ததைத் திரும்ப வாங்கினா, வர்றவரு வழியிலயே திரும்பிடுவாரு. எனக்கு வேணாம்."

அவளுக்கு எதிர்ச் சாலில் போய்க் குனிந்தான். மண்வெட்டி ஒரு கிழங்கை இரண்டாகப் பிளந்தது. அவள் அதை எடுத்துத் துடைத்து, தன் வாளியில் போட்டுக்கொண்டாள். ஒரு வசவு வந்திருந்தால் தேவலை.

உருளைக்கிழங்கு முடிந்து, பனியும் விழுந்துவிட்டது. அண்ணன் வரவில்லை. தோட்டை வாங்கிக்கொண்ட அந்தச் சேதியை சகின் அண்ணிக்கு இன்னும் தர வேண்டியிருக்கிறது.