பதினாலடி வாய்க்காலும் ஏழு கவுன்சிலர்களும்

அந்த வார்டுக்கு முப்பது வருடத்தில் ஆறு கவுன்சிலர்கள் வந்து போனார்கள். ஆறு பேரும் சேர்ந்து என்னதான் செய்தார்கள் என்று கேட்காதீர்கள் கண்ணுகளா, கேட்டால் உங்களுக்கு சோறு இறங்காது. கல் நட்டார்கள். ஒரே வாய்க்கால் கரையில், ஒரே பாலத்துக்கு, ஆளுக்கொரு அடிக்கல்.

வாய்க்காலை ஒட்டிய கடைசி வீடு தையல்காரம்மாவுடையது. அக்கரையில், கைகால் முடங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மருத்துவமனை. அதன் கேட்டுக்குள் யார் நுழைகிறார்கள், என்ன நிறச் சட்டை, பின்பக்கம் தையல் விட்டிருக்கிறதா என்பதுவரை மெஷினில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் தெரு முழுக்க நடந்து, கடைவீதியைச் சுற்றி, பெரிய பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். அந்தச் சந்துக்குள் ஆட்டோ நுழையாது.

அவள் புருஷன் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது காலை இழுத்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நாலு எட்டு வைப்பதே பெரும்பாடு. "தினம் கூட்டிட்டு வாங்கம்மா. இந்த மூணு மாசம் விடாம வந்தா நடந்துடுவாரு. விட்டுட்டா கால் இப்படியே நின்னுடும்" என்று பயிற்சி கொடுக்கும் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். முதல் மாதத்தில் நாலே நாள்தான் போக முடிந்தது. நாலு நாளும் கொத்தனார் வேலை பார்க்கும் அவள் தம்பி இன்னொரு ஆளைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியோடு தூக்கிப் போனான். நாலாவது நாள் திரும்பி வந்ததும் டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஊரையே ஏத்தி இறக்கினவன் நான். என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறாங்க, கடைவீதியே வேடிக்கை பாக்குது. இனிமே வரல. விட்டுடு."

"விட்டுடறதுக்கா உங்களைக் கட்டிக்கிட்டேன்?" என்றாள் அவள்.

அந்த ஆறு பேரின் வரலாற்றைச் சொல்லாமல் கதை நகராது, சொல்லிவிடுகிறேன்.

முதலாமவர் சோடாக் கடைக்காரர். தையல்காரம்மா புதுப்பெண்ணாக அந்தத் தெருவுக்கு வந்த வருடம் கல் நட்டார். "அடுத்த வருஷம் இதே நாள் பாலத்து மேல நடந்து போவீங்க" என்றார். அடுத்த வருடம் இதே நாள் அவர் தன் வீட்டு மாடியில் நடந்துகொண்டிருந்தார். இரண்டாமவர் அவருக்கே மச்சான். ஜெயித்து வந்ததும் முதல் வேலையாக அக்கா புருஷன் கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் கல்லை நட்டார். வேறு எதிலும் ஒழுங்கில்லாத அந்த வார்டில் இது மட்டும் தவறாத வழக்கமாகிவிட்டது. புதியவர் வருவார், பழையவர் கல்லைப் பிடுங்குவார், தன் கல்லை நடுவார், போய்விடுவார்.

மூன்றாமவர் இரும்புக் கடைக்காரர். கடையில் விலை போகாமல் கிடந்த இரண்டு இரும்பு உத்தரங்களை வாய்க்காலின் குறுக்கே போட்டார். ஆறு பேரில் வேலை என்று ஒன்று செய்தவர் அவர்தான், அதுவும் கடையில் இடம் அடைக்கிறது என்பதால். தெருக்காரர்கள் அதன்மேல் பலகை போட்டுக்கொண்டார்கள். பலகை உளுத்துப்போய் பால்காரர் உள்ளே விழுந்து இடுப்பு முறிந்தது. அதோடு யாரும் மரத்தை நம்பவில்லை.

நான்காவதாக ஒரு பெண் ஜெயித்தாள். ஓட்டு விழுந்தது அவளுக்கு, நாற்காலியில் விழுந்தது புருஷன். கல்லில் அவள் பெயர் சுண்டுவிரல் உயரம், அவன் பெயர் ஒரு சாண். ஐந்தாமவருக்கு டாக்டர் பட்டம் உண்டு. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டால்தான் கோபம் வந்துவிடும். கல்லில் பெயருக்கு முன்னால் ஒன்பது பட்டங்கள். பாலம் என்ற சொல்லுக்கு இடம் போதாமல் அதை ஓரத்தில் நெருக்கி வெட்டியிருந்தார்கள். ஆறாமவரைத் தெரு கட்சிமாறி என்றே கூப்பிட்டது. ஐந்து வருடத்தில் மூன்று கட்சி. மாறும்போதெல்லாம் கட்சிப் பெயரைச் சுரண்டிச் சுரண்டி வெட்டியதில் அந்த இடம் மட்டும் கிண்ணம்போலக் குழிந்துவிட்டது. ஆனால் கல் பெரிய கல். நாலடி அகலம், ஆளுயரம். அதில் சைக்கிளைச் சாய்த்து வைத்த ஒருவரை ஸ்டேஷனில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்.

இப்போது ஏழாமவர். செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே இருப்பதால் கண்ணாடி என்று பெயர். அவர் ஓட்டு கேட்டு வந்தபோது வாய்க்கால் கரையில் நின்று ஓங்கிச் சொன்னார்: "நான் கல் நட மாட்டேன். பாலம் கட்டுவேன்!" கைதட்டல் அக்கரைக்கே கேட்டது.

ஜெயித்து ஆறு மாதம் ஆயிற்று. சொன்னதில் பாதியைக் காப்பாற்றியிருந்தார். கல் நடவில்லை.

ஒரு காலை தையல்காரம்மா பின்கட்டில் டிரைவரின் போர்வையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல் வேறொன்றுமில்லை, பிடுங்கி எறிந்த சோடாக் கடைக்காரர் கல்தான். அலசுவதற்காக ஈரக்கல்லின் மேல் ஏறி நின்றாள். வழவழப்பான ஓரத்தில் கால் வழுக்கியது. எழுத்து வெட்டியிருந்த இடத்தில் வழுக்கவில்லை. சொரசொரவென்று பாதத்தைப் பிடித்துக்கொண்டது. காலை நகர்த்தி நகர்த்தி மறுபடி மிதித்துப் பார்த்தாள். பிறகு போர்வையைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய் டேப்பை எடுத்து வந்தாள்.

அன்று மாலை தம்பி வந்ததும் கணக்கு தயாராக இருந்தது.

"வாய்க்கால் பதினாலடி. ரெண்டு உத்தரத்துக்கும் நடுவுல ரெண்டரை. எல்லாக் கல்லும் அதைவிட நீளம்தான்டா, அளந்துட்டேன். ஒண்ணு நம்ம வீட்டுல. மச்சான் கல்லு டீக்கடை பெஞ்சு. இரும்புக்கடை கல்லு மேலதான் பஞ்சர் கடைக்காரர் டயர் கழட்டுறாரு. அந்தப் பொண்ணு கல்லு சலூன் வாசப்படி. டாக்டர் கல்லு மாவு மில்லுல, மூட்டை வைக்க."

"அஞ்சும் சேர்ந்தா எவ்வளவுக்கா வருது?"

"பத்தடி."

"மீதி நாலடிக்கு? மாமா தாண்டிக் குதிக்கணுமா?"

"கட்சிமாறி கல்லு நாலடிடா."

கொத்தனார் தலையைச் சொறிந்தான். "அது நட்டு நிக்குதே. தொட்டா ஸ்டேஷன்."

"நாம தொட்டாத்தான் ஸ்டேஷன். புதுக் கவுன்சிலர் பிடுங்கினா அது விழா."

பாருங்கள் வேடிக்கையை. முப்பது வருடத்தில் முதன்முறையாக ஒருவர் கல் நட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார், அவரால்தான் பாலம் வராமல் தடைபட்டு நிற்கிறது. அவ்வளவு பெரிய கல்லை விலைக்கு வாங்குகிற வீடும் அந்தத் தெருவில் இல்லை. பயிற்சிப் பெண் சொன்ன மூன்று மாதத்தில் ஒன்றரை போய்விட்டது.

டீக்கடைக்காரர் முதல் மாவு மில்காரர்வரை யாரும் மறுக்கவில்லை. சலூன்காரர் மட்டும், "இந்த அம்மாவை மிதிச்சு மிதிச்சு எனக்குப் பாவமாவே இருக்கு, புருஷன் பேர் இருக்கற பக்கம் நல்லா மிதிபடற மாதிரி போடுங்க" என்று கேட்டுக்கொண்டார். ஐந்து கற்களும், எழுத்து மேலே இருக்கும்படி, உத்தரத்தின் மேல் வரிசையாக ஏறின. நம் கரையோரம் மட்டும் நாலடி வாய் பிளந்து கிடந்தது.

அதற்குள் கண்ணாடிக்கு ஒரு கூட்டத்துக்குப் போகப் புதுச் சட்டை வேண்டியிருந்தது. தையல்காரம்மா டேப்போடு அவர் அலுவலகத்துக்குப் போனாள். குளிரூட்டிய அறை, சுவர் முழுக்க அவர் படம். அவர் கைகளை விரித்து நின்றார், ஒரு கையில் செல்போன்.

"தோள் பதினேழு" என்றாள். "போன கவுன்சிலருக்குப் பதினெட்டு."

"அவனுக்குத் தைச்சிருக்கியா நீ?"

"எல்லாருக்கும் நான்தானே சார். மார்பு முப்பத்தெட்டு." டேப்பை மெதுவாக உருவினாள். "அவருக்கு நாப்பத்தி ரெண்டு."

கண்ணாடி மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். "இப்ப அள."

"முப்பத்தொம்பது. வாய்க்கால் பக்கம் போனா அவர் பேருதான் சார் ஆளுயரத்துக்கு நிக்குது. அக்கரை ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லாம் இந்த வார்டுக்கு இன்னும் அவர்தான் கவுன்சிலர்னு நெனச்சிட்டிருக்காங்க. நான் எத்தனை பேருக்குன்னு சொல்லுவேன்?"

"நான் கல் நட மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேம்மா."

"ஆமா சார். பெரிய மனசு. அதான் உங்க பேரு எங்கயுமே இல்ல." கழுத்துக்கு டேப்பைச் சுற்றினாள். "அவர் கல்லு நாலடி. நாலரை அடி கல்லு யாரும் வெச்சதில்ல. கழுத்து பதினஞ்சு. காலர் கொஞ்சம் தளர்த்தியாவே தைக்கட்டுமா?"

ஒரு சட்டைக்கு அளவெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரம்தான் அவருடைய வாக்குறுதி உயிரோடு இருந்தது. கைநீளம் அளப்பதற்குள் உதவியாளரைக் கூப்பிட்டு, கல் வெட்டுகிற இடத்துக்குப் போன் போடச் சொல்லிவிட்டார்.

பத்தாம் நாள் காலை. மாலை, மைக், பதினைந்து ஆள்கள், புதுச் சட்டை. டிரைவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தாள்.

"எதுக்கு இந்தக் கூத்தைப் பாக்கணும் நான்?" என்றார் அவர்.

"சும்மா பாருங்க. உங்களுக்காகத்தான் நடக்குது."

முதலில் கட்சிமாறியின் கல்லை அசைத்துப் பிடுங்கினார்கள். எட்டுப் பேர் திணறிச் சாய்த்தார்கள். அப்போதுதான் கண்ணாடிக்கு வேகம் வந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி, "உடைங்கடா அதை! தூள் தூளாக்குங்க!" என்றார். ஒருவன் சம்மட்டியை ஓங்கியும்விட்டான்.

நாலடி. இன்னும் ஒன்றரை மாதம்கூட இல்லை. தையல்காரம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு கல்லுக்கு முன்னால் போய் நின்றாள்.

"உடைக்காதீங்க சார்! உடைச்சா அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவாங்க. முழுசா படுக்க வைங்க. அதோ அங்க. தினம் இந்தத் தெருவே செருப்புக் காலோட அவர் பேரை மிதிச்சிட்டுப் போகட்டும். அவர் காதுக்கும் போகும்."

கண்ணாடியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. "இது யோசனை! தூக்குங்கடா! பேரு மேல இருக்கணும், நல்லாத் தெரியணும்!" அவருடைய ஆள்களே வியர்க்க விறுவிறுக்கத் தூக்கிப்போய் வைத்தார்கள். கொத்தனார் ஓரமாக நின்று, "இந்தப் பக்கம் ரெண்டு விரல்... இன்னும் கொஞ்சம்... ஆங், விடுங்க" என்று கைகாட்டினான். கல் கிணுக்கென்று உட்கார்ந்தது. ஒரு விரல் இடைவெளி இல்லை.

கண்ணாடி தன் கல்லைக் கரையில் நட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். பாலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பால்காரர், கம்பை ஊன்றியபடி, அவருக்குப் பின்னால் வாய்க்காலைக் கடந்து அக்கரை போய்ச் சேர்ந்தார். கூட்டம் சிரித்தது. கண்ணாடி திரும்பிப் பார்த்தார். அப்புறம் சட்டென்று சுதாரித்துக்கொண்டு, "இதோ! அடிக்கல் நட்ட பத்தாவது நிமிஷம் பாலம்! இதுக்கு முன்னாடி எவனாவது செஞ்சிருக்கானா?" என்று முழங்கி, கல்மேல் ஏறி நின்று நாலு கோணத்தில் தன்னையே படம் பிடித்துக்கொண்டு, சந்து முனையில் நிறுத்தியிருந்த காரில் ஏறிப் போனார். கட்சிமாறியின் பெயர்மேல் இரண்டு தடவை குதித்துவிட்டுப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு அதற்குமேல் என்ன தெரியும், பாவம் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை.

கூட்டம் கலைந்தது. தையல்காரம்மா டிரைவருக்கு அருகில் வந்தாள்.

"எழுந்திருங்க."

"வழுக்கும்டி. பளிங்கு மாதிரி இருக்கு."

"எழுத்து இருக்கற இடமாப் பார்த்து வைங்க. வழுக்காது."

நாலு அடி நடந்து கரைக்கு வருவதற்குள் அவருக்கு மூச்சு முட்டியது. பாலத்தின் முனையில், நிமிர்ந்து நின்ற புதுக் கல்லைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியின் பெயர் அவர் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. பிறகு அவள் தோளைப் பற்றி, இடது காலை இழுத்துக் கட்சிமாறியின் குழிமேல் வைத்தார். நின்றது. அடுத்தது டாக்டரின் ஒன்பது பட்டங்கள்.

"இது நல்லா பிடிக்குது" என்றார்.

"ஒன்பதாச்சே."

சலூன்காரர் கேட்டபடியே அந்தப் புருஷன் பெயரை அழுந்த மிதித்தார். இரும்பு, மச்சான், சோடா. அக்கரை வந்துவிட்டது. யாரும் தூக்கவில்லை. கேட்டில் பயிற்சி கொடுக்கும் பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இத்தனை நாளா எங்க போனீங்க?"

"வண்டி வர லேட்டும்மா" என்றார் டிரைவர்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கொத்தனார் கடப்பாரையோடு புதுக் கல் பக்கத்தில் நின்றான். "அக்கா, இதையும் படுக்க வெச்சிட்டா இந்தப் பக்கம் இன்னும் வசதியா இருக்கும். ராத்திரிக்குப் பிடுங்கிடவா?"

தையல்காரம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் மறுபடி அந்தக் கல்லில் கையை ஊன்றி, கண்ணை மூடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"வேணாம்டா. இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும். மாமாவுக்குப் பிடிச்சுக்க ஏதாவது வேணும்ல."