கவிழ்த்த படகின் அடியில்

எங்கள் குடும்பத்தில் யாரும் கையில் சுத்தியல் பிடித்ததில்லை. இதை நான் பெருமையாகவே சொல்லி வந்தேன். துறைமுக அலுவலகத்தில் படகு உரிமங்களில் கையெழுத்துப் போடும் நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ படகுகள் காகிதமாக என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. ஒன்றையும் தொட்டுப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டு வாசலில் ஒரு காலை மினி லாரி வந்து நின்றது. அடிபட்டு நசுங்கிய பழைய அலுமினிய மீன்பிடிப் படகு ஒன்றை அதிலிருந்து இறக்கினார்கள். டிரைவர் பக்கத்து இருக்கையிலிருந்து என் மகள் இறங்கினாள்.

மணவாழ்க்கை முறிந்து வீட்டுக்குத் திரும்பியவள் அவள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மாடி அறையில் இருந்தாள். மாப்பிள்ளை கப்பலில் வேலையாக இருக்கிறார், வரும்வரை இவள் எங்களோடு இருப்பாள் என்று தெருவில் சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கப்பல் கரை சேராமலே இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

"என்னம்மா இது?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால செடி முளைச்சுக் கிடந்துச்சுப்பா. எடுத்துட்டுப் போன்னாங்க. சரி பண்ணி ஏரியில விடப்போறேன்."

"உனக்குப் படகைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. எங்க உடைஞ்சிருக்குன்னு பார்க்கத் தெரியும். அதானே என் பொழப்பு."

கார் நிறுத்தும் இடத்தில், இரண்டு மர முக்காலிகளின் மேல் படகைக் கவிழ்த்து வைத்தாள். எல்லாவற்றையும் தப்பாகவே ஆரம்பித்தாள். மொட்டை மாடி ஒழுகலுக்குப் பூசும் தாரை அடிப்பாகம் முழுக்கப் பூசினாள். அது காய்ந்து பாளம் பாளமாக உரிந்தது. அதைச் சுரண்டி எடுக்கவே பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இரும்புத் திருகாணி போட்டாள். அலுமினியத்தோடு இரும்பு ஒத்துப்போகாது என்று யாரோ சொல்ல, எல்லாவற்றையும் கழற்றினாள். என் பழைய அலுவலகச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துணி கட்டி, முழங்கை வரை கரியோடு அவள் வாசலில் நிற்பதைத் தெருவே பார்த்தது.

எதிர்வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. அவர் காதில் விழுந்தது மாலைக்குள் தெருக்கோடி வரை ஒலிபரப்பாகிவிடும்.

"என்ன சார், மாடி வரைக்கும் தண்ணி வரப்போகுதா? முன்கூட்டியே சொல்லிடுங்க, நாங்களும் ஏறிக்கிறோம்" என்றார் ஒரு நாள். இன்னொரு நாள், "பொண்ணு படகுக்கு ரிவிட் அடிக்குதா, உங்களுக்கா?"

நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் தடித்த திரை தைக்கச் சொன்னேன்.

இந்தச் சமயத்தில்தான், வேறு ஊரில் வேலை பார்க்கும் என் மகன், தன்னோடு வேலை பார்க்கும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னான். நல்ல குடும்பம். பெண்ணின் பெற்றோர் எங்களைப் பார்க்க வந்தார்கள். அன்றைக்காவது படகு வேலை வேண்டாம் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

காரிலிருந்து இறங்கிய பெண்ணின் அம்மா படகருகே நின்றுவிட்டார். "இது யாரோடது?"

"மாடியில குடியிருக்கறவங்களோடது" என்றேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

அந்த நேரம் பார்த்து படகுக்குப் பின்னாலிருந்து என் மகள் எழுந்தாள். கையில் சுத்தியல், கன்னத்தில் கறுப்புக் கோடு.

"இவங்க?" என்றார் அந்த அம்மா, என் முகத்தைப் பார்த்து.

"இவங்கதான். வாடகைக்கு இருக்காங்க."

வாசற்படியில் வரவேற்க வந்து நின்ற என் மனைவி அப்படியே திரும்பி உள்ளே போனாள். என் மகள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வந்தவர்களைப் பார்த்துக் கைகுவித்தாள்.

"வணக்கம். ஹவுஸ் ஓனர் தங்கமான மனுஷர். சத்தம் போட்டாத்தான் பிடிக்காது. நான் மெதுவா அடிச்சுக்கறேன், நீங்க உள்ள போங்க."

அவர்கள் தேநீர் குடித்தார்கள், பேசினார்கள், போனார்கள். வெளியே சுத்தியல் சத்தம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. "ஹவுஸ் ஓனர், தண்ணி மோட்டார் போடட்டுமா?" "ஹவுஸ் ஓனர், மாடி லைட் எரியலை, என்னைக்கு ஆள் அனுப்புவீங்க?" முகத்தில் கோபம் இருக்காது. வாடகைக்கு இருப்பவர் பேசும் மரியாதையோடு பேசினாள். கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்திருப்பேன். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது?

"நீயாவது அவளை அதட்டி வை" என்று மனைவியிடம் சொன்னேன்.

"குடியிருக்கறவங்களை நான் எப்படிங்க அதட்டறது?" என்றாள் அவள்.

படகின் தகடுகளை இணைக்கும் பழைய ரிவிட்டுகள் தளர்ந்து ஒழுகின. அவற்றைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதியவை அடிக்க வேண்டும். அது ஒரு ஆள் வேலை இல்லையாம். வெளியே ஒருவர் ரிவிட்டின் தலையில் அடிக்கும்போது, உள்ளே அதன் வால் நுனியில் இன்னொருவர் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடி அசைந்தால் நுனி சரியாக நசுங்காது. அந்த இடம் ஒழுகும். அவள் அம்மாவைக் கேட்டாள். அம்மாவின் மணிக்கட்டு தாங்கவில்லை.

"கை நடுங்காம காலம் பூரா கையெழுத்துப் போட்டவர் ஒருத்தர் இருக்காரே" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

"வாசல்லயா?" என்றேன்.

மகள் சிரித்தாள். "படகுக்கு அடியில உட்காரணும். தெருவுல போறவங்களுக்கு உங்க தலை தெரியாது, ஹவுஸ் ஓனர்."

தலை தெரியாது என்பதால்தான் சம்மதித்தேன். அது அவளுக்கும் தெரியும்.

கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டு, குனிந்து வளைந்து உள்ளே நுழைந்தேன். அடுப்புக்குள் உட்கார்ந்தது போன்ற புழுக்கம். ரிவிட் கழற்றிய ஓட்டைகள் வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாக என் பனியன் மேல் விழுந்தது. ஒரு ஓட்டையில் ரிவிட் நுழையும். அந்தப் பொட்டு அணையும். இரும்பை வைத்து அழுத்துவேன். மேலே அடி விழும். பல் வரை அதிரும்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு."

இந்த இரண்டு சொல்லைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. ஆனாலும் பல மாதங்களில் நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததில்லை.

வெளிச்சப் பொட்டுகள் குறைந்துகொண்டே வந்தபோது வாசல் கேட் திறந்தது. செருப்புச் சத்தம். "வேலை நடக்குதாம்மா?" மகன் விரும்பும் பெண்ணின் அம்மா. தனியாக வந்திருந்தார்.

அந்தக் குரல் கேட்டதும் என் பிடி தளர்ந்தது. மேலே சுத்தியல் இறங்கிவிட்டது.

"ஹவுஸ் ஓனர் இருக்காரா?"

"வெளியில போயிருக்கார்" என்றாள் என் மகள். "ஏதாவது சொல்லணுமா?"

"நீ எத்தனை நாளா இங்க குடியிருக்கே?"

"ரொம்ப நாளா. மாடியில தனியாத்தான் இருக்கேன். அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை."

நான் சொன்ன பொய்யை அவள் எனக்காகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சமும் அசையாமல். அடியில் நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். இப்படியே இருந்தால் அந்த அம்மா போய்விடுவார். யாருக்கும் எதுவும் தெரியாது. என் முதல் நினைப்பு அதுதான்.

இரும்புக் கட்டியைக் கீழே வைத்தேன். கைகளை ஊன்றி, தவழ்ந்து, தலையை வெளியே நீட்டினேன். பனியன் முழுக்க அலுமினியத் தூள். எழுந்து நிற்க முடியாமல் முட்டி பிடித்துக்கொண்டது. சம்பந்தியாக வரப்போகிறவரின் செருப்புகளுக்கு எதிரே நாலு காலில் நின்றேன். எதிர்வீட்டு மாடியில் ரேடியோ துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டார்.

"இவ என் பொண்ணு. அன்னைக்குப் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றார் அவர். "உங்க பையன் எங்ககிட்ட எதையும் மறைக்கலை. அக்காவும் படகும் சேர்ந்த போட்டோகூடக் காட்டியிருக்கான். நீங்களே சொல்லுவீங்கன்னுதான் அன்னைக்கு 'இவங்க?'ன்னு கேட்டேன்."

என் மகள் கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டாள். நின்ற பிறகும் நிமிர முடியவில்லை.

"ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு என் பொண்ணு இந்த வீட்டுக்கு வருவா. அவளுக்கும் ஏதாவது ஒண்ணு சரியா அமையாமப் போகலாம். அப்ப வர்றவங்ககிட்ட அவளை யாருன்னு சொல்லுவீங்க?"

"என் மகள்னு சொல்லுவேன்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதிலேயே விழுந்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மகளைத்தானே அன்னைக்கு வாடகைக்கு இருக்காங்கன்னு சொன்னீங்க" என்றார் அவர். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிக் கிளம்பினார். போகும்போது என் மகளின் தோளைத் தொட்டு, "ஏரியில விடறப்ப சொல்லும்மா" என்றார். என்னிடம் விடைபெறவில்லை.

மீதி ரிவிட்டுகளை அடித்தோம். இந்த முறை கேட்டைச் சாத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த விடுமுறையில் படகை நிமிர்த்தி முக்காலிகளின் மேல் வைத்தோம். ஒழுகுகிறதா என்று பார்க்க, குழாய்த் தண்ணீரைப் படகுக்குள் விட்டாள் மகள். உள்ளே தண்ணீர், வெளியே காய்ந்திருக்க வேண்டும். நான் குனிந்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாக எல்லாம் காய்ந்திருந்தன. ஒரே ஒரு ரிவிட்டின் ஓரத்தில் ஈரம் கோத்தது, திரண்டது, என் புறங்கையில் சொட்டியது.

அவளும் குனிந்து பார்த்தாள். எந்த ரிவிட் என்று இருவருக்கும் தெரிந்தது.

சாக்பீஸை எடுத்து நானே அதைச் சுற்றி வட்டம் போட்டேன். ஈரத்தில் கோடு பிடிக்கவில்லை, மறுபடி போட்டேன்.

"தண்ணியை இறைச்சுட்டு, கவிழ்த்துட்டு, இதை மட்டும் எடுத்துட்டு வேற அடிக்கணும்" என்றாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "பிடிக்க வர்றீங்களா?"

ஹவுஸ் ஓனர் என்று சொல்லவில்லை. அப்பா என்றும் சொல்லவில்லை. நான் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். அவள் குழாயை மூடப் போய்விட்டாள்.

வாளியை எடுத்துக்கொண்டு, தெருப்பக்கமாக நின்று, படகிலிருந்த தண்ணீரை இறைக்க ஆரம்பித்தேன்.