தார் என்று எழுதிய பீப்பாய்

போர்க்கப்பல் என்றால் யுகேந்திரனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். போர்ட் கிள்ளானில் பழைய இரும்பு வெட்டும் கொட்டகையில் பாதுகாப்பு மேற்பார்வை அவன் வேலை. ஆனால் முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளை வேட்டையாடிய சின்னக் கப்பல்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பான். அதற்காகத்தான் பிரிக்பீல்ட்ஸ் வாசகர் மன்றம் அந்தச் சனிக்கிழமை அவனைப் பேசக் கூப்பிட்டிருந்தது.

புறப்படுகிற அவசரத்தில்தான் அந்தப் பீப்பாயைப் பார்த்தான். கடலடியிலிருந்து யாரோ வாரிக் கொண்டுவந்த இரும்புக் குவியலில் கிடந்தது. கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பீப்பாய்க்கும் சுத்தியலால் ஒரு தட்டு. கணீரென்றால் காலி, அப்படியே வெட்டலாம். தொப்பென்றால் உள்ளே தார் இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். அடியில் நெருப்பு மூட்டி உருக்கிக் கொட்டிவிட்டு வெட்ட வேண்டும். இது தொப்பென்றது. சிப்பி அப்பிய முகத்தின் நடுவில் ஒரு வட்ட மூடி இருந்தது. அதன் மேலேயே சாக்கட்டியால் 'தார்' என்று எழுதினான் புண்ணியவான். மத்தியானம் உருக்கிவிடச் சொல்லி, இரும்பு வெட்டும் குருவிடம் விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினான். குரு அவன் மனைவி மலரின் தம்பி.

பேச்சு என்னவோ களைகட்டத்தான் செய்தது. மலர் முன்வரிசையில் பெருமையோடு உட்கார்ந்திருந்தாள். ஆரம்பத்தில் அந்தக் கப்பல்களுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை என்றான் யுகேந்திரன். தண்ணீருக்கு அடியில் இருப்பவனை என்ன செய்வது என்று தெரியாமல், மேலே வந்தால் முட்டித் தள்ளப் பார்த்தார்கள். பிறகுதான் வெடிமருந்து அடைத்த பீப்பாயைக் கண்டுபிடித்தார்கள். பின்பக்கத்திலிருந்து உருட்டிவிட்டால், குறித்த ஆழத்தில் நீரழுத்தம் அதை வெடிக்க வைக்கும்.

அடுத்த படத்தைத் திரையில் போட்டான். கப்பலின் பின்பக்கத்தில் வரிசையாகப் பீப்பாய்கள். தார் பீப்பாய்க்கு வாய் ஓரத்தில் இருக்கும். இவற்றுக்கு நட்டநடுவில் வட்ட மூடி.

அவன் 'தார்' என்று எழுதியதும் அப்படி ஒரு மூடி மேல்தான். இருபது வருடமாகப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்து ரசித்ததை, கையால் தொட்டபோது தெரியாமல் போயிற்றே, பாவி. மேடையிலேயே கைப்பேசியை எடுத்தான். குருவைக் கூப்பிட வழியில்லை. வெட்டுகிற இடத்தில் கைப்பேசி கூடாது என்று சட்டம் போட்டவனே அவன்தான். அலுவலகத்தில் கணக்கெழுதும் வனேசா எடுத்தாள்.

"வனேசா, குரு அந்தத் தார் பீப்பாய்க்கு நெருப்பு வெச்சிட்டானா?"

"அப்பவே வெச்சிட்டாரு அண்ணே. தார் மாதிரியே இல்ல லா, மஞ்சளா மெழுகாட்டம் ஒழுகுதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அது குண்டு. ஓடு. எல்லாரையும் வெளிய ஓடச் சொல்லு."

அவள் தொலைபேசியை மேசை மேல் போட்டாள். நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் தடதடவென்று வாசலைத் தாண்டிப் போவது அவன் காதில் விழுந்தது.

அப்போதுதான் சைரன் ஞாபகம் வந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், சிவப்பு சுவிட்ச். போன தீபாவளிக்கு முன்னால் அவனே நின்று மாட்ட வைத்தது. அதை அமுக்கியிருந்தால் கொட்டகையே வாசலுக்கு ஓடியிருக்கும். அவள் பீப்பாய்ப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்திருக்க வேண்டாம்.

"வனேசா, சைரன். திரும்பி வா, சைரன அமுக்கு."

மேசைதான் கேட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில் குரு அண்ணே, குரு அண்ணே என்று அவள் கூப்பிடுவது தேய்ந்துகொண்டே போயிற்று. பிறகு கண்ணாடிகள் மொத்தமாக நொறுங்கும் சத்தம். அதோடு இணைப்பு அறுந்தது.

மலர் எழுந்து மேடைக்குக் கிட்டே வந்தாள்.

"யாருக்கு என்ன? குருவுக்கா?"

யுகேந்திரன் இருண்டுபோன கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குருவும்," என்றான். "நான் அனுப்பின அந்தப் புள்ளையும்."